மூத்தவருக்கு முதலில் சொல்ல வேண்டும்: மேற்குக் கிளேர் நாட்குறிப்பு

மே 27, 2025, செவ்வாய்

அயர்லாந்தில் கிளேர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி. தெற்கே ஷானன் ஆற்றின் முகத்துவாரம், மறுபக்கம் அட்லாண்டிக், நடுவில் மேய்ச்சல் நிலமும் சதுப்பும். கில்ரஷ் என்ற சிறு நகரத்திலிருந்து கில்கீ கடற்கரைக்குப் போகும் சாலையில் கொஞ்ச தூரம் வந்து ஒரு கிளைச் சாலையில் திரும்பினால் என் தங்கை குடியிருக்கும் வீடு. அவள் கில்ரஷில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். பன்னிரண்டு மணி நேர டூட்டி. அவளைப் பார்க்கத்தான் வந்தேன். ஆனால் என் பகல்பொழுது முழுக்க அவள் வீட்டுக்கார அம்மாவோடும் அந்த அம்மாவின் தங்கையோடும்தான் கழியப்போகிறது என்று இன்றே தெரிந்துவிட்டது.

பெயர்கள் வேண்டாம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடம் இது. பெரியவர், சின்னவர் என்றே எழுதுகிறேன். பெரியவருக்கு வயது 79. கணவர் காலமாகிவிட்டார். மகனும் மருமகளும் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். சின்னவருக்கு 74, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த வீட்டிலேயே, இங்கிருந்து பார்த்தால் புகைபோக்கி தெரியும் தூரத்தில், தனியாக இருக்கிறார். இடையில் பிறந்த சகோதரி லண்டனில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

வந்து இறங்கியதும் டீ. வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டார்கள். பரவாயில்லை என்றேன். மூன்றாவது முறை கேட்கவில்லை, கோப்பை வந்துவிட்டது. நல்ல கடுந்தேநீர், நிறைய பால். கூடவே ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு. புளிப்பு தூக்கலாக, எனக்கு மிகவும் பிடித்தது. நான் கொண்டுவந்த முறுக்கைப் பெரியவர் ஒன்று கடித்துப் பார்த்துவிட்டு டப்பாவை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். தங்கை சொன்னாள்: “அக்கா, அந்தத் தட்டு விருந்தாளிகளுக்கு எடுத்து வைக்கிற தட்டு.”

என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் நம் ஊர்க் கிழவிகள் கேட்கும் கேள்விகள்தான். அம்மா இருக்கிறார்களா, அவர்களுக்கு உடம்பு எப்படி, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் மூத்தது. அம்மாவுக்கு முட்டிவலி என்றதும் எந்தக் கால் என்று கேட்டார் பெரியவர். இடது கால். அவருக்கும் இடதுதான். இரவு பத்து மணி வரை வெளிச்சம். வசந்தகாலம் முழுக்க நல்ல வெயில் அடித்ததாம். நான் வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது.

மே 28, புதன்

காலை சமையலறையில் ரேடியோ. கிளேர் எஃப்.எம். நிலையத்தில் இறந்தவர்கள் பட்டியலை வாசிக்கிறார்கள். பெயர், ஊர், பிறந்த வீட்டுப் பெயர், எந்த மண்டபத்தில் எப்போது பார்க்கலாம், எந்தத் தேவாலயத்தில் பூசை, எந்தக் கல்லறையில் அடக்கம். பெரியவர் அடுப்பில் இருந்த கஞ்சியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மூன்றாவது பெயருக்குக் கரண்டியைக் கீழே வைத்தார். போன் மணியடித்தது. எடுத்ததும், “கேட்டேன்” என்று மட்டும் சொன்னார். சின்னவர்தான். இருவரும் ஒரே நேரத்தில் அதே ரேடியோவைக் கேட்டிருக்கிறார்கள். அப்புறம் கால் மணி நேரம் பேச்சு. இறந்தவர் யாருடைய மாமா, எந்தப் பள்ளியில் யாரோடு படித்தார், மகள் சிட்னியிலிருந்து வந்து சேர முடியுமா, சமாதியில் யார் பக்கத்தில் வைப்பார்கள். “பை, பை, பை, பை” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டே போய்த்தான் போனை வைக்கிறார்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான்.

ரேடியோ போதாதென்றால் இணையத்தில் ஆர்.ஐ.பி.ஐஇ தளம் இருக்கிறது. 2005-ல் தொடங்கியது, நாடு முழுவதும் மரண அறிவிப்பு அதில்தான். போன வருடம் ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகை அதை வாங்கியது. இந்த ஜனவரியிலிருந்து ஒரு அறிவிப்புக்கு 100 யூரோ கட்டணம். பெரியவருக்கு அதில் மிகுந்த வருத்தம். “செத்ததைச் சொல்வதற்குக் காசா?” என்று இரண்டு தரம் கேட்டார். வெளிநாட்டில் இருப்பவர்கள் தினமும் காலையில் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள் என்று சின்னவர் பிறகு சொன்னார். லண்டன்காரரும் அப்படித்தானாம்.

பெரியவர் என்னை கில்ரஷுக்கு அழைத்துப் போனார். எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குகிறார். எதிரே வருபவரும் தூக்குகிறார். தெரியாதவராக இருந்தாலும் அப்படித்தான். சாவு வீட்டுக்கு ஒரு பூசை அட்டை வாங்கினார். இறந்தவருக்காகப் பூசை செய்யப்படும் என்று பாதிரியார் கையெழுத்திட்ட அட்டை. துக்கத்துக்கு வர முடியாத ஒரு உறவுக்காரர் பெயரிலும் ஒன்று எழுதித் தபாலில் சேர்த்தார். உள்நாட்டு அஞ்சல்தலை 1 யூரோ 65 சென்ட். தபால் அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது முன்னால் இருந்தவர், பின்னால் இருந்தவர், கவுண்டரில் இருந்தவர் எல்லோருக்கும் நான் யார் என்று சொல்லப்பட்டது. “எங்கள் வீட்டு நர்ஸின் அக்கா.” அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் தங்கை யார் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில், வண்டி ஓட்டிக்கொண்டே, தான் அரசுத் தபால் துறையில் எழுத்தராக இருந்த கதையைச் சொன்னார். 18 வயதில் சேர்ந்தார். 1971-ல் கல்யாணம். கல்யாணமான பெண் அரசு வேலையில் இருக்கக் கூடாது என்பது அப்போது இந்த நாட்டுச் சட்டம். கொஞ்சம் பணம் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1973-ல் அந்தத் தடையை எடுத்தார்கள். இரண்டே வருடம். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த 1973 என்ற எண்ணை அவர் சொன்ன விதத்தை மறக்க முடியாது. எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது.

மதியம் சின்னவர் வீட்டுக்குப் போனேன். முன்கதவு சாத்தியிருந்தது. தட்டியபின் திறந்தார். சமையலறையில் பெரிய இரும்பு அடுப்பு, அதற்கு மேல் கம்பியில் துணி காய்கிறது. மத்தியில் குழந்தைக்கான நீளமான வெள்ளைப் பின்னல் கவுன், பழையது. வெளியே அன்று மழை விட்டுக் காற்றும் வெயிலும் நன்றாகத்தான் இருந்தது. ஏன் உள்ளே என்று நான் கேட்கவில்லை. “பெட்டியிலேயே கிடந்தால் மஞ்சளாகிவிடும்” என்று அவராகவே சொல்லிவிட்டு ரொட்டி மாவுக்குத் திரும்பினார். முழுக்கோதுமை மாவு, சமையல் சோடா, உப்பு, மோர். ஈஸ்ட் கிடையாது, அதிகம் பிசைவதும் கிடையாது. உருட்டி மேலே கத்தியால் சிலுவைக் கீறல் போட்டு அடுப்பில் வைத்தார். இரண்டு ரொட்டி சுட்டார். ஒன்று அக்காவுக்கு.

மே 29, வியாழன்

மாலை துக்க மண்டபம். தங்கைக்கு இன்று விடுப்பு, அவளும் வந்தாள். ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை என்று ரேடியோவில் சொன்னார்கள். நாங்கள் ஐந்தரைக்குப் போனபோதே வரிசை கட்டடத்தைச் சுற்றி வெளிச்சாலை வரை. சாய்மழை. குடை பிடித்தால் பின்னால் நிற்பவர் மேல் சொட்டும் என்பதால் பலரும் பிடிக்கவில்லை. நானும் மடக்கிவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றோம். செருப்பெல்லாம் ஈரம். இந்தப் பயணத்தில் என் உடம்பு உண்மையிலேயே களைத்தது அங்கேதான்.

உள்ளே நுழைந்ததும் ஒரு நோட்டில் கையெழுத்து. பிறகு திறந்த பெட்டியில் பெரியவரின் வயதையொத்த ஒருவர், நல்ல கோட்டு போட்டு, விரல்களில் ஜெபமாலை சுற்றி. பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நாற்காலிகளில் வரிசையாக. வருபவர்கள் ஒவ்வொருவராகக் கை குலுக்கி, எல்லோரும் “உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்” என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் கடந்து போகிறார்கள். நானும் அதையே சொன்னேன். கடைசி நாற்காலியில் இருந்த பெண் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, “மழையில் ரொம்ப நேரம் நின்றீர்களா?” என்று கேட்டாள். அப்பாவை இழந்தவள் என்னைக் கேட்கிறாள்.

இறந்தவரை நான் பார்த்ததே இல்லை. போகாவிட்டால் என்ன என்று காலையில் தங்கையிடம் கேட்டிருந்தேன். அவள், “போனால்தான் அக்கா கணக்கு” என்றாள். போன வருடம் நம் சித்தப்பா இறந்தபோது அவளால் ஊருக்கு வர முடியவில்லை. அன்று மாலை இந்தச் சகோதரிகள் இருவரும் அவள் அறைக்கு வந்து கையைக் குலுக்கி அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, ஒரு தட்டு சாண்ட்விச்சும் பூசை அட்டையும் வைத்துவிட்டுப் போனார்களாம். நாங்கள் இந்து என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அட்டையை அவள் இன்னும் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

வரிசையில் நின்றபோது இன்னொன்றைக் கவனித்தேன். சகோதரிகள் இருவரும் சேர்ந்து நிற்கவில்லை. சின்னவர் முன்னால் பத்துப் பேர் தள்ளி நின்றார். ஏதோ மனத்தாங்கல் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும்தான் தெரிந்தது: ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நின்றால் இரு பக்கத்துச் செய்தியும் கிடைக்கும். கில்கீயில் யாருக்கோ இடுப்பு மாற்று அறுவை, ஒரு பையன் பொறியியல் வேலையாகக் கனடா போகிறான், ஒரு நிலம் விற்பனைக்கு வருகிறது. இரவு ஒன்பது மணிக்கு அடுப்பருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிபார்த்தார்கள். கேள்விப்பட்டதில் உறுதியில்லாததை, “அது அப்படியே இருக்கட்டும்” என்று ஒதுக்கி வைத்தார்கள். இதை வம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர்கள் யாரையும் பழிக்கவில்லை. யாருக்கு ரொட்டி கொடுத்தனுப்ப வேண்டும், யார் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும், யாரிடம் இப்போதைக்கு எதைக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் முடிவானது.

மே 30, வெள்ளி

பூசை மதியம். தேவாலய வாசலில் உள்ளூர் விளையாட்டுக் கழகத்து ஆட்கள் சீருடைச் சட்டையில் இரு வரிசையாக நின்றார்கள், இறந்தவர் இளமையில் கேலிக் ஃபுட்பால் என்ற ஐரிஷ் ஆட்டம் ஆடியவராம். குழியைப் பக்கத்து வீட்டுக்காரர்களே வெட்டியிருந்தார்கள். அடக்கம் முடிந்ததும் ஹோட்டலில் எல்லோருக்கும் சாப்பாடு. சூப், மாட்டிறைச்சி அல்லது கோழி, மூன்று விதமாக உருளைக்கிழங்கு. எனக்கு இறைச்சி வேண்டாம் என்றதும் பரிமாறிய பெண் நான்காவது விதமாக உருளைக்கிழங்கு கொண்டுவந்தார்.

சாப்பிடப் போகும் முன் சகோதரிகள் தங்கள் குடும்பச் சமாதிக்குப் போனார்கள். நான் கூடப் போனேன். கல்லில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கடைசியாக அண்ணன். கோடையில் ஒரு ஞாயிறு பாதிரியார் வந்து எல்லாச் சமாதிகளையும் ஆசீர்வதிப்பார். வெளிநாட்டுப் பிள்ளைகள் அதற்கென்றே விடுப்பு எடுத்து வருவார்களாம். அதற்குள் களை பிடுங்கி, கூழாங்கல் மாற்ற வேண்டும். பெரியவர் குனிய முடியாமல் நின்றுகொண்டே சொல்ல, சின்னவர் மண்டி போட்டுப் பிடுங்கினார். நானும் பிடுங்கினேன்.

சின்னவர் நிமிராமலே சொன்னார்: “இதில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம்.”

பெரியவர் கணவர் குடும்பத்துச் சமாதிக்குப் போவார். அப்படியானால் மீதி இருப்பது சின்னவரும் லண்டன்காரரும். அந்த அம்மா 1966-ல், 18 வயதில், நர்ஸ் பயிற்சிக்குக் கப்பலேறியவர். அங்கேயே கல்யாணம், அங்கேயே கணவர் சாம்பலானார். ஊரில் புதைக்கப்பட வேண்டும் என்பது அவருடைய ஆசையாக இருக்குமோ என்று சின்னவருக்குப் பல வருடமாகச் சந்தேகம். கேட்டதில்லை. “கேட்டால், நீ செத்தால் எங்கே வைப்பது என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும்” என்றார். பெரியவர், “அதைத்தானே கேட்கிறாய்” என்றார்.

சின்னவரின் வாழ்க்கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அதற்கப்புறம் அம்மா. அதற்கப்புறம் அண்ணன், அவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். மூன்று பேரையும் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். சம்பள வேலை இல்லாததால் ஓய்வூதியத்துக்கான சந்தா எதுவும் கட்டவில்லை. 20 வருடமோ அதற்கு மேலோ முழுநேரம் வீட்டில் ஒருவரைப் பராமரித்தவர்களுக்கு அந்த ஆண்டுகளையும் சந்தாவாகக் கணக்கில் சேர்க்கும் ஏற்பாடு 2024 ஜனவரியில்தான் வந்தது. அக்காதான் படிவங்களை எல்லாம் நிரப்பினார், பழைய தபால்துறைக் கையெழுத்தில். இந்த வருடம் முழு ஓய்வூதியம் வாரம் 289 யூரோ 30 சென்ட். உத்தரவு வந்த அன்று இருவரும் கில்ரஷில் போய் மீன் சாப்பிட்டார்களாம். அந்தக் கடிதம் சின்னவர் வீட்டில் அண்ணன் படத்துக்குக் கீழே செருகியிருக்கிறது.

மே 31, சனி

மழை விட்டது. சதுப்புக்குப் போனோம். டர்ஃப் என்று இங்கே சொல்லும் கரிமண் கட்டிகளை அடுப்பெரிக்க இந்தப் பக்கம் இன்னும் வெட்டுகிறார்கள். இயந்திரம் மே மாதம் வந்து ஈரமண்ணை நீள நீளமாகப் பிழிந்து தரையில் விட்டுப் போகும். மேல்பக்கம் காய்ந்ததும் மனிதர்கள் குனிந்து, ஐந்தாறு கட்டிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்த வேண்டும். காற்று உள்ளே புகுந்து காய்வதற்கு. புகை கெடுதல் என்றும் சதுப்பு அழிகிறது என்றும் 2022-ல் கடைகளில் விற்பதற்குத் தடை வந்தது. வெட்டும் உரிமை உள்ள குடும்பங்கள் தங்கள் தேவைக்கு வெட்டலாம். சதுப்பு அழிவது எனக்கும் கவலைதான். ஆனால் இந்த ஜனவரியில் ஏயோவின் என்ற புயல் அடித்து நாட்டில் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போனபோது, சின்னவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மரம் விழுந்த சாலையில் நடந்துபோய் அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார். காரணம், இந்தக் கட்டிகள் எரியும் அடுப்பு அவர் வீட்டில்தான் இருக்கிறது. மின்சாரம் வரும்வரை இருவரும் சிறுவயதில் தூங்கிய அதே அறையில் தூங்கினார்கள்.

பெரியவரின் மகன், மருமகள், அடுத்த வாரம் பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பேரன், சின்னவர், நான். இடுப்பு ஒடிந்துவிட்டது. மென்மையான பழுப்புக் கட்டி, விரல் நகத்துக்குள் போனால் இரண்டு நாளைக்குப் போகாது. காற்று நின்றதும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் காது, கழுத்து எல்லாம் பிடுங்கின. பேரனைத் தேர்வு பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்குப் பெரியவர் வண்டியில் சாப்பாடு கொண்டுவந்தார். முட்டை சாண்ட்விச், பிளாஸ்கில் டீ. வெட்டவெளியில் மண் கையோடு குடித்த அந்த டீயைப் போல் இந்தப் பயணத்தில் வேறெதுவும் ருசிக்கவில்லை.

சதுப்பிலிருந்து வரும் வழியில் கூரை இல்லாத கல்வீடுகள். ஒன்று, இரண்டு, அப்புறம் ஒரு மேட்டில் நாலைந்து சேர்ந்தாற்போல். 1841 கணக்கெடுப்பில் கிளேர் மாவட்டத்தில் 2 லட்சத்து 86 ஆயிரம் பேர். பிறகு உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சம், வெளியேற்றம், கப்பல். 2022-ல் 1 லட்சத்து 28 ஆயிரம். அந்த மேட்டு வீடுகளில் இருந்த குடும்பங்களின் பெயர்கள் சின்னவருக்கு வரிசையாகத் தெரியும். அவர் பார்த்த ஆட்கள் இல்லை. பாட்டி சொல்லக் கேட்டது.

ஜூன் 1, ஞாயிறு

காலை பூசை முடிந்து வந்து பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் வேகவைத்தார் பெரியவர். எனக்குத் தனியாக முட்டைக்கோசை வெண்ணெயில் வதக்கினார். நான் கொஞ்சம் கடுகும் மிளகாயும் தாளித்துப் போட்டேன். பெரியவரின் மகன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

மதியம் தரைவழி போன் ஒலித்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ஆசிரியையாக இருக்கும் பேத்தி. அங்கே இரவு. பெரியவர் நின்றபடியே கேட்டார், பிறகு உட்கார்ந்தார். குழந்தை உண்டாகியிருக்கிறாள். பெரியவருக்கு முதல் கொள்ளுப்பேரக் குழந்தை. “நல்லது, நல்லது, நன்றாகச் சாப்பிடு” என்று நாலைந்து தரம் சொன்னார். வைத்ததும் கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த நொடியே தங்கைக்குப் போட்டார். அறையின் இந்தப் பக்கம் வரை சின்னவரின் குரல் கேட்டது: “அப்படியா! நிஜமாகவா! எப்போது?”

எனக்கு அந்த வெள்ளைக் கவுன் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

போனை வைத்துவிட்டுப் பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அவளுக்கு முன்பே தெரியும். புதன்கிழமை அவள் முன்கதவைச் சாத்தி வைத்திருந்தாள். பகலில் அந்தக் கதவை அவள் சாத்தியதே கிடையாது. ஞானஸ்நானக் கவுனைத் துவைத்திருப்பாள், வெளியே காயப்போட்டால் சாலையில் போகிறவர்கள் பார்த்து எனக்கு வந்து சொல்லிவிடுவார்கள் என்று உள்ளே போட்டிருப்பாள்.” சொல்லிவிட்டு டீக்குத் தண்ணீர் வைத்தார். “நான் கேட்கவில்லை. எனக்கு முதலில் சொல்ல வேண்டியவள் பேத்தி. அதற்காகத்தானே இவள் அடக்கிக்கொண்டிருந்தாள்.”

பேத்தி கவுன் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்பதற்காகச் சின்னவருக்கு வாட்ஸப்பில் எழுதியிருக்கிறாள். பள்ளி விட்டதும் தினமும் இவர் வீட்டில்தான் இருந்து வளர்ந்த பெண் அவள். அந்தச் செய்தியை மார்புக்குள் வைத்துக்கொண்டுதான் சின்னவர் துக்க வரிசையில் நின்றார், சமாதியில் களை பிடுங்கினார், சதுப்பில் குனிந்தார். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் பேசவில்லை. அக்கா தங்கை பாசத்தை எங்கள் வீட்டில் நாங்கள் சண்டை போட்டும் கட்டிப்பிடித்தும்தான் காட்டிப் பழக்கம். சண்டை இல்லாமல், கட்டிப்பிடிக்காமல் இத்தனை இறுக்கமாக ஒருவரையொருவர் காப்பாற்ற முடியும் என்பதை நான் இங்கேதான் பார்த்தேன்.

ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் தேவாலய மணி. அந்த ஒரு நிமிடம் பேச்சு நிற்கும். 1950-லிருந்து அரசு வானொலியில் ஒலித்துவரும் மணி, பிறகு தொலைக்காட்சியிலும் சேர்ந்தது. மணி முடிந்து செய்தி ஆரம்பிக்கும் முன் லண்டன்காரர் அழைத்தார். ஞாயிறு அழைப்பு. சின்னவரும் வந்துவிட்டார், ஒலிபெருக்கியில் போட்டார்கள். முதலில் குழந்தைச் செய்தி. அதைப் பெரியவர் சொன்னார். அடுத்து துக்கம், அதை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். லண்டன்காரர் ஆர்.ஐ.பி. தளத்தில் புதன்கிழமையே பார்த்துவிட்டாராம், இருந்தும் முழுக்கக் கேட்டார். அப்புறம் சமாதியில் களை எடுத்ததைச் சொல்லும்போது சின்னவர் நிறுத்திவிட்டார். பெரியவர்தான் கேட்டார், சுற்றி வளைக்காமல்: “அதில் ஒரு இடம்தான் இருக்கிறது. உனக்கு வேண்டுமா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு. தன்னை எரித்துவிடச் சொல்லி எப்போதோ எழுதி வைத்துவிட்டாராம். பாதிச் சாம்பல் கணவரோடு, பாதி இங்கே. “ஒரு பூந்தொட்டி அளவு இடம் போதும். மீதி எல்லாம் வீட்டில் இருந்தவளுக்கு” என்றார். சின்னவர், “உன் காலடியில் நான் படுக்க மாட்டேன், நீ என் காலடியில் இரு” என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். உடனே அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள்: கில்கீயில் இடுப்பு அறுவை.

ஜூன் 2, திங்கள்

வங்கி விடுமுறை என்று இங்கே சொல்லும் பொது விடுமுறை. தங்கையும் நானும் கில்கீ போனோம். குதிரை லாடம் போல் வளைந்த விரிகுடா. லிமரிக்கிலிருந்து ஜனம் வந்து குவிந்திருந்தது. 13 டிகிரிக் கடலில் குழந்தைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். மேற்குப் பக்கப் பாறையில் அலை விட்டுப்போன இயற்கைக் குளங்கள், அதில் பாட்டிகள் சாவகாசமாக நீந்துகிறார்கள். கடலோரத்தில் அவித்த சின்னக் கடல் நத்தையைக் காகிதப் பையில் போட்டு, தோண்டி எடுக்க ஒரு குண்டூசியோடு விற்கிறார்கள். தங்கை சாப்பிட்டாள். நான் பக்கத்தில் விற்ற காய்ந்த கடற்பாசியை மென்றேன். உப்புக்கண்டம் வாசம், மென்றால் இனிப்பு. இரண்டு டீ, இரண்டு ஸ்கோன் 13 யூரோ. ரூபாயில் மாற்றிப் பார்க்கக் கூடாது என்று தங்கை கண்டித்தாள்.

திரும்ப வேண்டிய பேருந்து வரவேயில்லை. நிறுத்தத்துப் பலகையில் வரும் என்றுதான் இருந்தது. ஒரு மணி நேரம் நின்றோம், மழை வேறு. கூட நின்ற வயதான தம்பதி தங்கள் பேரனை வரவழைத்தார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் எங்கே போக வேண்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் பையன் சொன்னான்: “தெரியும், அவர்கள் வீட்டு நர்ஸ்தானே. சனிக்கிழமை சதுப்பில் உங்களைப் பார்த்தேன்.” காசு வாங்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது பெரியவர், “பேருந்து வரவில்லையாமே” என்றார். எங்களுக்கு முன்னால் செய்தி வந்துவிட்டிருந்தது.

ஜூன் 4, புதன்

பேரன் காலை தேர்வுக்குப் போனான். ஆங்கிலத் தாள். பெரியவர் ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார். சின்னவர் அதே காரணத்துக்காகத் தன் வீட்டில் ஏற்றியிருப்பார் என்று சொன்னார். சின்னவர் வீட்டு வழியாகத்தான் போனோம். கதவு விரியத் திறந்திருந்தது, உள்ளே மெழுகுவத்தியும் இருந்தது. கவுன் பெர்த்துக்குப் போக ஒரு பெட்டியில் தயாராக இருந்தது. தபாலில் அனுப்ப மாட்டார்களாம். ஆகஸ்டில் அந்தப் பக்கம் போகும் ஒரு பையன் கையில் கொடுத்தனுப்புவார்கள். யார் என்று இன்னும் முடிவாகவில்லை, மூன்று பேர் போகிறார்கள்.

எனக்கு ஒரு ரொட்டி, ஒரு பொட்டலம் கடற்பாசி, அம்மாவின் இடது முட்டிக்கு ஒரு களிம்பு. முறுக்கு டப்பா காலி. சதுப்புக்கு வந்தவர்கள், துக்கத்துக்குப் பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை இரண்டு டப்பா வேண்டும் என்று பெரியவர் சொன்னார். அம்மாவுக்கு முட்டியில் ஊசி போட்டால் என்ன ஆயிற்று என்று தங்கையிடம் சொல்லி அனுப்ப வேண்டும், அதுவும் தனக்கு முதலில் என்றார். சின்னவர் பக்கத்தில்தான் நின்றார். சரி என்றேன்.